தொட்டிலுக்கு வைத்த பலகை

இன்று காலை தேயிலை ஸ்டோரில் புதுப் பலகைக் கட்டு ஒன்றைப் பிரித்தேன். தேயிலைப் பெட்டி அடிப்பதற்காக ஜப்பானிலிருந்து வரும் அதே வெள்ளைப் பலகை. கயிற்றை அறுத்ததும் பிசின் வாடை மூக்கில் ஏறியது. உளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போன பிறகு ஒவ்வொரு கட்டும் எனக்கு இப்படித்தான்.

அன்றைக்கு ஒரு மத்தியானம், பங்களாவில் சமைக்கும் அப்பு துணியில் சுற்றி எதையோ நம் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். துரைசானியின் நான்கு நரம்பு வாத்தியம். பார்க்கக் கித்தார் போலத்தான்; அளவு மட்டும் கைக்குழந்தை அளவு. யுகுலேலே என்று பேர் சொன்னார். பண்டாரவளை ஸ்டேஷனிலிருந்து மடுல்சீமைக்கு மாட்டு வண்டியில் வந்தபோது ட்ரங்குப் பெட்டி சரிந்து விழுந்து அதன் முகப்பலகை நொறுங்கியிருந்தது.

"புதுப் பலகை போட்டுக் குடுக்கணுமாம், ஆசாரி" என்றார்.

நீ வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். நம் பிள்ளையைப் புதைத்த மண் இன்னும் காய்ந்திருக்கவில்லை. அந்த நாட்களில் நீ யாரோடும் பேசுவதில்லை, என்னோடும்தான்.

வீணையைப் பலாவில் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் பலாவைச் சீவிப் போட்டேன். நரம்பைச் சுண்டினால் சத்தம் எழுந்தது. எழுந்த இடத்திலேயே விழுந்தது. இன்னும் மெல்லிசாகச் சீவியும் பயனில்லை. மரம் கனம், அந்தச் சின்ன நரம்புக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. அதைப் பெயர்த்துவிட்டு, தேயிலைக்கு நிழலாக வைத்திருந்த சிவப்பு மரத்துப் பலகையைப் போட்டேன். இந்த முறை சத்தம் இனித்தது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் அமுங்கி வந்தது.

அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய்.

"ஏங்க, அதுக்கு மூச்சு முட்டுது. லேசான மரமாப் போடுங்க."

"லேசுன்னா பெட்டிப் பலகைதான். ஸ்டோர்ல இருக்குறது பூராவும் முடிச்சு. முடிச்சு இருக்குற எடத்துல சத்தம் நின்னுரும்."

நீ எழுந்து போய்ப் பரணில் கையை விட்டாய்.

எல்லோரும் சேலையில் தூளி கட்டுவார்கள். என் பிள்ளைக்குப் பலகைத் தொட்டில் என்று லயமெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். பெட்டிப் பலகைக் கட்டுகளில் முடிச்சில்லாத, மரக்கோடு நேராக ஓடிய பலகைகளாகப் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன். தொட்டில் செய்யுமுன்பே, பேர் வைக்குமுன்பே அவள் போய்விட்டாள். அதன் பிறகு நாம் இருவருமே அந்தப் பரணை நிமிர்ந்து பார்த்ததில்லை. நீ அந்தச் சாக்கை இறக்கி என் முன்னால் வைத்தாய்.

"வேணாம் புள்ள."

"சும்மா கெடந்து என்ன செய்யப் போகுது? எடுங்க."

எடுத்தேன். தூக்கினால் பாரமே இல்லை. கோட்டின் போக்கில் வளைத்தால் வளையாமல் விறைத்து நின்றது. காகிதம்போல் சீவி, உள்ளே இரண்டு மெல்லிய சட்டம் ஒட்டி, வச்சிரப் பசை காய்ந்ததும் நரம்பு கட்டினேன். ஒரே ஒரு நரம்பைத்தான் சுண்டினேன். காம்பரா முழுவதும் நிறைந்து, சுவரைத் தொட்டு, மெதுவாக இறங்கியது சத்தம். நீ உள்ளங்கையைப் பலகைமேல் வைத்தாய். அது அடங்கும்வரை எடுக்கவில்லை.

"இதைக் குடுத்துராதீங்க" என்றாய்.

அடுத்தவர் பொருளை எப்படி வைத்துக்கொள்வது? கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு சாயங்காலந்தோறும் துரைசானி பங்களா விறாந்தையில் உட்கார்ந்து வாசிக்க, சத்தம் மலைச்சரிவில் இறங்கி வரும். நீ கூடையைச் சுமந்தபடி தேயிலைக்கு நடுவில் அப்படியே நின்றுவிடுவாய். கொழுந்து எடுத்த கை அந்தரத்தில் நிற்கும். ஏதோ அண்டிவிட்டது என்றார்கள் மற்றப் பெண்கள். பூசாரியைக் கூட்டிவரச் சொன்னார் கங்காணி.

ஏன் இப்படி நிற்கிறாய் என்று நான் கேட்டதற்கு, "நம்ம புள்ள அழுவுது. ஒங்களுக்குக் கேக்கலையா?" என்றாய்.

கேட்டது. அதுதான் எனக்குப் பயம்.

பூசாரியிடம் போகவில்லை. உன்னைக் கையைப் பிடித்துப் பங்களாப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனேன். அப்பு உள்ளே போய்ச் சொன்னார். துரைசானி வெளியே வந்து உன் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு வாத்தியத்தைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தார்.

நீ வாசிக்க முயலவில்லை. படியில் உட்கார்ந்து அதை மடியில் கிடத்தினாய். குனிந்து, அந்த வட்டத் துளையில் வாயை வைத்து எதையோ சொன்னாய். மூன்று தரம். பிறந்த பிள்ளையின் காதில் பேர் சொல்வதுபோல. உன் மூச்சில் நரம்புகள் லேசாக முனகின. அப்புறம் அழுதாய், பிள்ளையைப் புதைத்த நாளில்கூட அழாதவள். துரைசானிக்கு என்ன புரிந்ததோ, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இறங்கி வரும் வழியில் கேட்டேன்.

"என்ன பேரு வச்ச?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாய். எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரித்தாய்!

"அவகிட்டதான் சொல்லியிருக்கேன். ஒங்களுக்கு அப்பறம் சொல்றேன்."

அதற்குப் பிறகு சத்தம் கேட்டாலும் உன் கை நிற்கவில்லை. கேட்டுக்கொண்டே கொழுந்து எடுப்பாய். நானும் அவசரப்படவில்லை. சொல்வாள், எங்கே போகப் போகிறாள் என்று இருந்தேன். துரைசானி சீமைக்குத் திரும்பியபோது வாத்தியமும் அவரோடு கப்பலேறியது. அந்த வருஷ மழையில்தான் லயத்துக்கு லயம் காய்ச்சல் பரவியது. கடைசி நாட்களில் உனக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. உன்னிடம் எதைக் கேட்பது?

இப்போதிருக்கும் துரைக்குப் பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. விறாந்தை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆனாலும் பனி இறங்கும் சாயங்காலங்களில் அந்தச் சத்தம் சரிவில் வருகிறது. பக்கத்துக் காம்பராக்காரரைக் கேட்டால் ஒன்றும் கேட்கவில்லை என்கிறார். எனக்கு முன்போலப் பயமில்லை. பிள்ளையைக் கூப்பிட வேண்டும்போல் மட்டும் இருக்கிறது. வாசலில் நின்று எனக்குத் தெரிந்த பெண்பிள்ளைப் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன். எதற்கும் அது நின்று கேட்பதில்லை.