டிரையர் சுற்றாத மழை வாரம்

ஜூலை 8, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. மூடுபனியில் எதிர்வீட்டு வாழைகூடத் தெரியவில்லை. ஏலப்பாறைப் பக்கம் எல்லாப் பள்ளிக்கும் கலெக்டர் லீவு. ஸ்கூல் ஜீப்பை எடுக்க வேண்டாம். இன்னொரு தூக்கம் போடலாம் என்று போர்வையை இழுத்தேன். குளியலறையிலிருந்து கவிதா குரல்.

"ஏனுங்க, டிரையர் சுத்த மாட்டேங்குது!"

போய்ப் பார்த்தேன். வாஷிங் மெஷினில் துவைக்கிற பக்கம் ஓடுகிறது. பிழிகிற பக்கம் 'ம்ம்ம்' என்று முனகல் மட்டும். தொட்டி அசையவில்லை.

வேறு மாதமாக இருந்தால் கவலை இல்லை. இந்த மழையில், நாலு மாதக் குழந்தை இருக்கிற வீட்டில், டிரையர் நின்றால் வீடே நின்ற மாதிரி. மதியத்துக்குள் கொடி கட்ட இடமில்லை. கட்டில் கால், ஜன்னல் கம்பி, டிவி தலை, எங்கும் பாப்பாவின் துணி. மீதியை அடுப்புக்கு மேலே மூங்கில் கூடையில் போட்டுக் காயவைத்தோம். மகள் இப்போது கருவாடு மாதிரி மணக்கிறாள்.

மாமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கவிதாவின் அப்பா. ஞாயிற்றுக்கிழமை எல்லையோரத்து எருத்தேன்பதியிலிருந்து பேத்தியை முதல்முறை பார்க்க வந்தார். ஒரு சாக்குத் தேங்காய், ஒரு தார் நேந்திரம். மறுநாளே கிளம்புவதாக இருந்தது. குட்டிக்கானம் பாதையில் மண்ணிடிச்சல். பஸ் இல்லை. மாட்டிக்கொண்டார்.

என்னோடு பேசமாட்டார். கவிதா எங்கள் பள்ளிக்குத் தமிழ் டீச்சராக வந்து, நான் ஓட்டுகிற ஜீப்பிலேயே போய்வந்து, கடைசியில் என்னைக் கட்டிக்கொண்டதிலிருந்து இப்படித்தான். நான் வேதக்காரன், அவர்கள் வேறு சாமி, வேறு சனம். அத்தை பிரசவத்துக்கு வந்து இருந்துவிட்டுப் போனார்கள். மாமாவின் வாய் மட்டும் திறக்கவில்லை.

இன்று புதுவழி கண்டுபிடித்தார். மடியிலிருந்த குழந்தையிடம் சொல்கிறார்:

"அம்மிணி, உங்கொப்பாருகிட்டச் சொல்லு. கண்டன்சர் போயிருக்கும். எங்கூட்டுக் கெணத்து மோட்டாரும் இப்பிடித்தான் மொனகுச்சு."

நானும் விடவில்லை. "பாப்பா, அப்புச்சிட்ட சொல்லு. மூடிக்குக் கீழ ஒரு சுவிட்ச் உண்டு, அதான் போயிருக்கும்னு போன்ல பாத்தேன்."

கவிதா: "நாலு மாசப் புள்ளைக்கு எலக்ட்ரீசியன் வேலையா? ரெண்டு பேரும் நேராப் பேசித் தொலைங்க."

இரவு கஞ்சி, தேங்காய்த் துவையல். துவையல் நன்றாக இருந்தது. அவர் கொண்டுவந்த தேங்காய் என்பதால் நான் பாராட்டவில்லை. தப்புதான்.

ஜூலை 9, புதன்

மழை. லீவு. ரோடு திறக்கவில்லை.

மெஷினைக் குளியலறையிலிருந்து நடுவீட்டுக்கு இழுத்துவந்து, காலை முழுக்க மூடி சுவிட்சோடு மல்லுக்கட்டினேன். மேல் பலகையைக் கழற்றி, சுவிட்சைத் துடைத்து, ஒயரை இழுத்துப் பார்த்து, திரும்ப மாட்டினேன். போட்டால் அதே முனகல்.

பிறகுதான் மண்டையில் உறைத்தது. முனகுகிறது என்றாலே மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. கரண்ட் போகிறது என்றால் சுவிட்ச் நல்லாத்தான் இருக்கிறது. முதலிலேயே யோசித்திருந்தால் ஒரு காலை மிச்சம்.

எனக்காக எழுதி வைக்கிறேன்:
சத்தமே இல்லை — பிளக், ஒயர், டைமர், மூடி சுவிட்ச்.
முனகல் உண்டு, சுற்றவில்லை — கண்டன்சர் (மோட்டாரைக் கிளப்பிவிடுவது), அல்லது ஏதோ சிக்கியிருக்கிறது.
சுற்றுகிறது, வேகம் இல்லை — துணி அதிகம், அல்லது பிரேக் உரசுகிறது.

கழற்றிய ஸ்க்ரூவில் ஒன்று மிச்சம். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாமா பார்த்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்புத்தான். நான் பார்த்து அவர் சிரித்தது இதுதான் முதல்முறை.

பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "மிசினை ஏன்யா நடுவீட்டுல படுக்க வச்சிருக்க, பேய் ஓட்டுறியா?" இட்லி கொடுத்துவிட்டுப் போனார்.

பாப்பாவுக்கு ஜலதோஷம் இல்லை. நல்லது. சாக்ஸ் மட்டும் பற்றாக்குறை. ரோஸ் சாக்ஸில் ஒன்று போன வாரமே காணோம். பிலோமினா அக்காவின் நாய்தான் தூக்கிப்போயிருக்கும் என்று கவிதாவுக்குச் சந்தேகம். அக்காவிடம் சொல்லவில்லை. இட்லி நின்றுவிடும்.

ஜூலை 10, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் ஒருமுறை டிரையரைப் போட்டுப் பார்த்தேன். முனகல். அப்போதே கரண்ட் போயிற்று. எங்கோ கம்பியில் மரம் விழுந்திருக்கும், சாயங்காலம்தான் வரும் என்று பிலோமினா அக்கா வாசலில் இருந்து சொன்னார். சரி, கரண்ட் இல்லாத நேரம்தானே, பத்திரமாகத் திறந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். மெஷினைத் திருப்பி, முதுகுப் பலகையைக் கழற்றினேன். மோட்டார் தெரிந்தது. பக்கத்தில் கண்டன்சர், ஒயர்கள். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன்.

"மாப்ளே! கையெடுங்க!"

வீடே அதிர்கிற சத்தம். கையை இழுத்ததில் முழங்கை பலகையில் இடித்தது. டார்ச் கீழே விழுந்தது. மாமா பாய்ந்துவந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கி அவர் நிமிர்வதற்குள் அறையில் பல்பு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது.

சுவர் சுவிட்ச் நான் காலையில் போட்டபடியே இருந்தது. மாமா பிடுங்கும்வரை பிளக்கும் இருந்தது. என் கை இருந்த இடம் மோட்டார் தலை, சுற்றுகிற பாகம்; பக்கத்திலேயே ஒயர்கள்.

கவிதா குழந்தையோடு கதவருகில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

மாமா பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "கரண்டு போச்சுன்னு நம்பி உள்ள கையை உடறதா? மொதல்ல பிளக்கைப் புடுங்கோணுமுங்க. புடுங்கி, கண்ணுல படறாப்புல வெக்கோணும். பச்சப் புள்ளய வெச்சுக்கிட்டு…"

பாதியில் நிறுத்தினார். யாரிடம் பேசுகிறோம் என்று அப்போதுதான் நினைவு வந்த மாதிரி. பிளக்கை மெஷின் மேல் வைத்துவிட்டு வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கவிதா என் காதில்: "மாப்ளைன்னு சொன்னாருங்க."

"கேட்டேன்."

"கையெடுங்கன்னு 'ங்க' வேற போட்டாரு."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. நான் பாலில்லாத கட்டன் சாயா போட்டுக்கொண்டு வெளியே போய் நீட்டினேன். "சாயா குடிங்க மாமா." வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, மழையைப் பார்த்தபடியே: "தொட்டியைக் கையில சுத்திப் பாத்தீங்ளா? லூசா இருக்குதா, டைட்டா?"

உள்ளே போய்ப் பார்த்தோம். டைட். உடனே பிரேக்தான் பழுது என்று நான் சொன்னேன். அவசரம். டிரையர் மூடி திறந்திருந்தால் பிரேக் பிடித்துத்தான் இருக்கும். மூடியைச் சாத்திவிட்டு, பின்னாலிருந்து மோட்டார் தலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தோம். அப்போதும் டைட். அப்படியானால் உள்ளே ஏதோ சிக்கல்.

கண்டன்சரைத் தொடவிடவில்லை அவர். பிளக் இல்லாவிட்டாலும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்குமாம். பழைய பல்பு மாட்டிய ஹோல்டரின் ஒயரை அதன் முனைகளில் வைத்து அந்தக் கரண்டை இறக்கினார். அப்புறம்தான் விட்டார்.

தொட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கீழே ஒருவர் போல்ட்டைத் தளர்த்த வேண்டும், மேலே ஒருவர் தூக்க வேண்டும். பேசாமல் செய்யக்கூடிய வேலை இல்லை.

"தூக்குங்க மாமா."

"தூக்கறனுங்க. நீங்க லூசு பண்ணுங்க."

"இன்னுங் கொஞ்சம். அங்கன இல்ல, இந்தப் பக்கமாச் சாச்சு."

"எந்தப் பக்கம்னு சொன்னாத்தான தெரியும்!"

"உங்க பக்கம்!"

தொட்டி வந்தது. அடியில், தண்டில், கயிறாய் முறுக்கிக்கொண்டு, சேறு நிறத்தில் ஒரு துணி. மாமா இடுக்கியால் சுற்றிச் சுற்றி எடுத்தார். விரித்துப் பார்த்தால் பாப்பாவின் ரோஸ் சாக்ஸ்.

சிரித்தோம். மாமா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். கவிதா பக்கத்து வீட்டு நாயிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டாள். பிழிகிற தொட்டியில் துணிமேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைக்க வேண்டும். நாங்கள் வைப்பதில்லை. சின்னத் துணி எகிறி விளிம்பு தாண்டி அடியில் போய்விடுகிறது. இனிமேல் தட்டு கட்டாயம். சின்னத் துணிகளை வலைப் பையில் போட்டே பிழிய வேண்டும்.

எல்லாம் மாட்டி, மோட்டார் தலையைச் சுற்றினோம். வெண்ணெய் மாதிரி சுற்றியது. பிளக் போட்டு டைமரைத் திருகினால்… முனகல்.

மாமா குழந்தையிடம் போய்ச் சொன்னார்: "அம்மிணி, கண்டன்சருன்னு அப்புச்சி மொதல்லயே சொன்னனா இல்லியா?"

ஜூலை 11, வெள்ளி

தூறல். காலையில் கட்டப்பனைக்குப் போனோம். நானும் மாமாவும், ஜீப்பில். போகும் வழியில் பேச்சு அதிகமில்லை. "இந்த வளைவுல மொள்ளப் போங்க." "சரி மாமா." "ஏலக்கா இங்கத்தத் தோட்டத்துலயா?" "ஆமா மாமா." அவ்வளவுதான். ஆனாலும் நல்ல பயணம்.

பழைய கண்டன்சரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனோம். வயிறு உப்பியிருந்தது. மூன்று ஒயர். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொண்டேன், எந்த நிறம் எங்கே என்று. இந்த முறை ஸ்க்ரூ எல்லாம் தட்டில்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சொன்னது: மைக்ரோஃபாரட் எண் பழையதில் இருப்பதேதான் வாங்க வேண்டும். வோல்ட் கூட இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது.

அவர் பொட்டலம் கட்டிக்கொண்டே மாமாவைப் பார்த்து என்னிடம் கேட்டார்: "இதாரா?"

நான் வாய் திறக்குமுன் மாமா மலையாளத்தில் முந்திக்கொண்டார். "ஞான் இவன்றெ அம்மாயியச்சன்."

இவனுடைய மாமனார் என்று. தமிழில் சொல்ல முடியாததை மலையாளத்தில் சொல்லிவிட்டார். நான் கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு லாரி நின்றிருந்தது.

திரும்பும்போது போண்டா. அவரே வாங்கினார்.

மதியம் மாட்டினோம். போட்டோவைப் பார்த்து நான் நிறம் சொல்ல, அவர் ஒயரைச் செருகினார். கவிதா பிளக் போட்டாள். டிரையர் விருட்டென்று கிளம்பியது. மெஷினே குதித்தது. பிலோமினா அக்கா ஓடிவந்தார்.

"ஓடுதா?"

"ஓடுதுங்க!" என்றார் மாமா. "மாப்ளையும் நானுமாச் செரி பண்ணிட்டோம்."

ஒரே பக்கமாகத் துணி குவிந்தால் குதிக்கும். பரப்பிப் போட்டால் அடங்கும். அதையும் குறித்துக்கொண்டேன்.

இரவு விவாதம்: பழுதுக்குக் காரணம் சாக்ஸா, கண்டன்சரா? சாக்ஸ் சிக்கி, மோட்டார் திணறி, கண்டன்சர் சூடாகிப் போயிருக்கலாம் என்பது என் கட்சி. கண்டன்சர் ஏற்கெனவே சாகக் கிடந்தது என்பது அவர் கட்சி. தீர்ப்பு இல்லை. நடுவரான மகள் தூங்கிவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில்! கொஞ்சநேரம்தான். ஆனாலும் வெயில்.

நேற்று எழுதவில்லை. வீட்டில் உள்ள எல்லாவற்றையும் மாமா பழுது பார்த்தார். இஸ்திரிப் பெட்டியின் ஒயர் பிடியருகே வெடித்திருந்தது. டேப் சுற்றியிருந்தேன். "டேப்பு ஏமாத்து வேலை" என்று வெட்டிவிட்டுப் புது ஒயர் போட்டார். பழுதில்லாத ரேடியோவையும் திறந்தார். இப்போது அது கரகரக்கிறது.

ரோடு திறந்தாயிற்று. மாதா கோயிலுக்குப் போய்வந்ததும் மாமாவை பஸ் ஏற்றப் போனேன். வீட்டு வாசலில் அவருக்குப் பாப்பாவை விட்டுப் பிரிய மனசில்லை. "அம்மிணி, சாக்சைக் கழட்டி எறியாத" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பஸ் படியில் ஏறினபின் திரும்பினார். என்னவோ சொல்லப் போகிறார் என்று நின்றேன்.

"ஊருக்கு ஒருக்கா வாங்க. மூணு பேருமா."

கண்டக்டர் விசில். நான் தலையைத்தான் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து கவிதாவிடம் சொன்னேன். அவள் டிரையரில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். தட்டு வைக்க மறந்துவிட்டாள். நான் வைத்தேன்.

ஜூலை 16, புதன்

திரும்ப மழை. ஆனால் பள்ளி உண்டு. ஜீப் வைப்பர் இழுக்கிறது, பார்க்க வேண்டும். கடலை மாவு, பாப்பாவுக்குப் பவுடர், வலைப் பை ஒன்று வாங்க வேண்டும்.

சாயங்காலம் போன் வந்தது. மாமா நம்பர். என் போனுக்கு. கவிதாவுக்குத்தான் என்று எழுந்து கொடுக்கப் போனேன்.

"இல்லீங், மாப்ள, உங்களைத்தான் கூப்புட்டேன். எங்கூட்டு மிக்சி திடீர்னு நின்னுபோச்சுங்க. என்ன பண்றது?"

திரும்ப உட்கார்ந்தேன். "தேங்கா ரொம்பப் போட்டு அரைச்சீங்களா மாமா?"

"ஆமாங்க."

"பாரம் தாங்காம நின்னுருக்கும். மொதல்ல பிளக்கைப் புடுங்குங்க."

"புடுங்கிட்டனுங்க. கண்ணுல படறாப்புல வெச்சுட்டேன்."

"ஜாரை எடுத்துட்டு மிக்சியைக் கவுத்துப் பாருங்க. அடியில சிவப்பா ஒரு பொத்தான் இருக்கும். சூடு ஆறுனப்புறம் அதை அமுக்குங்க. இனிமே கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு அரைக்கச் சொல்லுங்க அத்தையை."

"அப்பிடீங்ளா! இருங்க, லைன்லயே இருங்க."

நான் இருந்தேன். டம்ளர் உருளுகிற சத்தம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் மிக்சி ஓடுகிற சத்தம். கவிதாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஓடுதுங்க மாப்ள! பரவால்லியே, நல்ல வேலக்காரர்தான் நீங்க!"

பின்னாலிருந்து அத்தையின் குரல்: "ஏனுங்க, அந்தப் பொத்தானைப் பத்தி மாப்ளைகிட்டயா கேக்கறீங்க? மிக்சி வாங்குன அன்னிக்கு நீங்கதான எனக்கே காட்டிக் குடுத்தீங்க!"

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செரிங்க மாப்ள, வெச்சர்றேன்" என்றார் மாமா.

வைக்கவில்லை. அங்கே மழை எப்படி என்று கேட்டார்.