நாலு போத்தலும் வெள்ளை

வெள்ளவத்தை
14.05.1998

மதிப்புக்குரிய பாலேஸ்வரி அம்மா அவர்களுக்கு,

தயாபரனை ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. என் மாணவன் அமிலப் போத்தலோடு ஏன் பஸ்ஸில் ஏறினான் என்பதற்கு மட்டும்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

முகத்துவாரத்தில் ஆற்றோடு நகரத்தின் கழிவும் கடலில் விழுகிறது. அது அழுகும்போது அடித் தண்ணீரில் உள்ள ஒட்சிசன் தீர்ந்துபோகும். மீன்கள் முதலில் விலகிவிடும். சேற்றில் குழி தோண்டி வாழும் புழுக்களுக்கும் சிப்பிகளுக்கும் போக இடமில்லை. மூச்சுக்காக அவை குழியை விட்டு மேலே வந்து கிடக்கும். கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய மீன்கள் உள்ளே புகுந்து அவற்றைத் தின்னும். மேலே வராதவை குழியிலேயே சாகும். பிறகு ஒரே ஒரு வகைச் சின்னப் புழு ஆயிரக்கணக்கில் பெருகும். பார்க்கிறவர்கள் உயிர் நிறைந்த சேறு என்று நினைப்பார்கள். அந்தச் சேற்றை அரித்து, இருப்பது எது, இல்லாமல் போனது எது என்று பார்ப்பதுதான் அவன் வேலை. இதில் வேறு பொருள் தேடவேண்டாம். சேற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அடித் தண்ணீரைப் படகிலேயே போத்தலில் அடைத்து இரண்டு மருந்துகள் விடவேண்டும். ஒட்சிசன் இருந்தால் கபில நிறமாகப் படியும். இல்லையென்றால் வெள்ளை. ஆய்வுகூடம் வரும்வரை பொறுக்க முடியாது. அதனால் அந்த மருந்துகளும், படிந்ததைப் பிறகு கரைக்கிற அமிலமும் அவனோடு கடலுக்குப் போய், சோதனைச் சாவடி வழியாகத் திரும்பின. நான் கொடுத்த கடிதம் அவனிடம் இருந்தது. சாவடியில் அவனைப் பிடித்தவர்கள் அதில் அமிலம் என்ற சொல்லை மட்டும் வாசித்தார்கள்.

“கடலுக்குக் காத்துக் காணுமோ எண்டு பாக்கவோ என்ர பிள்ளையைப் படிப்பிச்சனான்?” என்று எழுதியிருக்கிறீர்கள். ஓம், அதற்குத்தான். அதில் அவன் கெட்டிக்காரன்.

கொட்டாஞ்சேனையில் அவனுக்கு அறை கொடுத்த பழனியம்மா அவன் கட்டிலை இன்னும் வேறு ஆளுக்குக் கொடுக்கவில்லை. “தம்பி வந்தா மொதல்ல குளிக்கச் சொல்லணும், சேத்து வாடை தாங்க முடியல” என்கிறார்.

பொலிஸ் நிலையத்தில் இன்று, விசாரணை நடக்கிறது, நன்றாக இருக்கிறான் என்றார்கள். பல்கலைக்கழகக் கடிதத்தோடு நாளை வரச் சொன்னார்கள். நான் எதையும் இலகுவில் நம்புகிறவள் அல்ல. ஆனாலும் அவன் வெளியே வரும்போது மாற்றிப் போட ஒரு சேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊர் தில்லைநாதன் நாளை மாலை இரத்மலானையிலிருந்து விமானம் ஏறுகிறார். அதற்குமுன் பொலிஸில் நடப்பதையும் எழுதி அவர் கையில் தருவதற்காக இதை ஒட்டாமல் வைக்கிறேன்.

15.05.1998

போனேன். இருந்தவர் வேறு அதிகாரி. அப்படி ஒருவரை இங்கே கொண்டுவரவே இல்லை என்றார். என் சிங்களம் நல்லது, பிழையாக விளங்கவில்லை. நேற்று இங்கே சொன்னதைச் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார். பிறகு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, உங்களுடையது என்றால் எடுத்துக்கொண்டு போங்கள், நாறுகிறது என்றார்.

தயாபரனின் பெட்டிதான். போத்தல்களில் அவன் எழுத்து. மூடிகளை இறுக்கி நூலால் கட்டியிருந்தான். நாலு போத்தலும் வெள்ளை. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. திறந்திருந்தால் காற்றுப் பட்டுக் கபிலமாகியிருக்கும்.

பெட்டிக்குக் கையெழுத்து வைத்தேன். சேட்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

தில்லைநாதன் திரும்பும்போது தயவுசெய்து தயாபரனின் படம் ஒன்று கொடுத்தனுப்புங்கள். முகம் நேராகத் தெரிகிற படம். உடம்பில் பழைய தழும்பு ஏதும் இருந்தால், எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நாகேஸ்வரி