இருநூற்றுப் பதினாலாம் வில்லை

ஸ்டெட்டன் கல்ச், மொன்டானா
மார்ச் 4, செவ்வாய்

அன்பு மகள் டெல்லாவுக்கு,

சித்தப்பா கிளெம் எழுதுவது. நான் நலம், என் மூட்டு வலி என்னைவிட நலம். சியாட்டிலில் நீயும் பிள்ளைகளும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே பனி ஜன்னல் வரை நிற்கிறது. போன வாரம் வாசலில் ஒரு கரடி. நான் போட்ட சத்தத்தில் கனடா வரை ஓடியிருக்கும். என் பழைய கூட்டாளி மர்வ் அதைப் பக்கத்து வீட்டு நாய் என்கிறான். அவனுக்குக் கண்புரை.

ஊரெங்கும் இப்போது சித்தப்பாவைப் பற்றிய பேச்சுதான். மூடிக் கிடந்த சுரங்கத்தின் விளக்கறையை வெள்ளையடித்து விஸ்கி வடிக்கும் இடமாக்கிவிட்டார்கள். சுவரில் என் படம், உன் அம்மாவின் அலமாரி உயரம். விஸ்கிக்குப் பெயர் 'இருநூற்றுப் பதினாலு'. ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் அந்த எண் பொறித்த பித்தளை வில்லை தொங்குகிறது. விஸ்கி கம்பெனிப் பெண் என் வாயிலிருந்து கதை கேட்டுக் கேட்டு மூன்று நோட்டை நிரப்பினாள். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் சொன்னது அச்சாகி ஆயிரம் பாட்டிலில் ஒட்டியிருக்கிறது பார்!

சனிக்கிழமை திறப்பு விழா. ஹால் ரோஸ்வேரின் மகள் மேடையேறி முதல் பாட்டிலைத் திறக்க வேண்டும் என்று உனக்கு அழைப்பு அனுப்பினார்கள். அதற்குப் பதிலாக நீ எனக்கு மூன்று வரி எழுதியிருக்கிறாய். 'அப்பாவின் வில்லை என்னிடம் இருக்கிறது. எண் 187. பாட்டிலில் ஏன் 214?'

அந்தக் கடிதம் ஆறு நாளாகச் சட்டைப் பையில் இருக்கிறது. மர்வ் எடுத்துப் படித்துவிட்டு, "பதில் சொல்லுடா கிளெம். கரடியையே விரட்டினவன், ஒரு பொம்பளப் புள்ளைக்குப் பயப்படுறியா?" என்றான்.

பயம்தான்.

லேபிளில் இருப்பது இது: சுரங்கத்தில் புகை கண்டதும் ஹால், அன்று தனக்கு விடுமுறை என்றும் பாராமல், ஓடிவந்து இறங்கி ஒன்பது பேரைக் காப்பாற்றிவிட்டுத் தான் மேலே வரவில்லை. அந்த ஒன்பது முதலில் ஒன்றாகத்தான் இருந்தது, மகளே. சாராயக் கடையில் நான் சொல்லச் சொல்ல வளர்ந்தது. மர்வ்கூட ஒரு தடவை, "இன்னும் ரெண்டு வருஷம் போனா ஹால் கழுதையையும் தோள்ல தூக்கிட்டு வந்துடுவான்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உண்மையில் அவன் யாரையும் காப்பாற்றவில்லை. என்னைத் தவிர.

இறங்கும்போது நம் வில்லையைப் பலகையில் மாட்ட வேண்டும், ஏறியதும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் எத்தனை தொங்குகிறதோ அத்தனை உயிர் பூமிக்குள். இது உனக்கும் தெரியும், நீயும் இந்த ஊர்ப் பிள்ளை. தீப்பிடித்த அந்தத் திங்கட்கிழமை காலை எனக்குப் போதை தெளியவில்லை. அதற்கு முன்பே இரண்டு முறை வேலைக்குப் போகாமல் பிடிபட்டிருந்தேன். மூன்றாவது என்றால் சீட்டுக் கிழிந்துவிடும். ஹால் என் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். பிறகு என் வில்லையை எடுத்துக்கொண்டான். "படுத்துக் கிடடா பன்னி. ஹெல்மெட் போட்டா அம்மாவுக்கே நம்ம ரெண்டு பேரையும் அடையாளம் தெரியாது" என்றான். என் வேலை அடிமட்டத்தில் பம்பு பார்ப்பது, தனியாள் வேலை. அவன் 214-ஐ மாட்டிவிட்டு இறங்கினான். அவனுடைய 187 உங்கள் வீட்டு மேஜை டிராயரிலேயே கிடந்தது.

பத்து மணிக்குத் தீ. பதினாலு பேர் ஏறிவந்து வில்லையை எடுத்துக்கொண்டார்கள். பலகையில் ஒன்றே ஒன்று பாக்கி. சங்குச் சத்தம் கேட்டு நான் ஓடி வந்து கூட்டத்தில் நின்றேன். ஃபோர்மன் என்னைக் கண்டதும் சட்டையைப் பிடித்தான். "கிளெம், உன் வில்லை தொங்குதேய்யா! நீ மேல வந்துட்டியா இல்லியா?"

இல்லை என்றால் இரண்டு பேர் வேலையும் போகும். ஹால் புகைக்குள் எப்படியோ ஏறி, மாட்டிக்கொள்ளக் கூடாதென்று பின்பக்கமாக வீட்டுக்கு நழுவியிருப்பான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். "இப்பதான் வந்தேன், எடுக்க மறந்துட்டேன்" என்றேன்.

ஃபோர்மன் 214-ஐக் கழற்றி என் கையில் வைத்தான். பலகை காலி. "எல்லாரும் மேல வந்தாச்சு. அடைங்கடா" என்றான்.

காற்றுப் போகாவிட்டால் தீ அணையும். அதற்காகச் சுரங்க வாயின் குறுக்கே பலகையடித்து மண் பூசுவார்கள். ஆள் போதவில்லை. நான்தான் வேகமான கை என்று பீற்றிக்கொண்டு முன்னால் போனேன். கடைசிச் சந்துவரை பூசினேன், ஒரு விரல் இடைவெளி விடாமல்.

மூன்று மணி நேரம் கழித்து உன் அம்மா இடுப்பில் உன்னை வைத்துக்கொண்டு வந்து, "கொழுந்தனாரே, இவரைப் பார்த்தீங்களா? காலையிலருந்து காணோம்" என்று கேட்டாள். அந்த நிமிஷம் என் வாயில் வந்ததுதான் லேபிளில் இருக்கும் கதை.

பதினோரு நாள் கழித்து அடைப்பை உடைத்தார்கள். அவன் பம்புக்குப் பக்கத்தில் இல்லை. நான் மண் பூசிய பலகையிலிருந்து நாலடி தூரத்தில் இருந்தான். பூசும்போது ஏதாவது சத்தம் கேட்டதா என்று மட்டும் கேட்காதே, மகளே. மற்ற எல்லாவற்றுக்கும் சித்தப்பாவிடம் கதை இருக்கிறது. அதற்கு இல்லை.

உன் அம்மா சாகும்வரை ஞாயிறுதோறும் எனக்குச் சூடாக இறைச்சி அடைத்த பேஸ்டி ரொட்டி சுட்டு அனுப்பினாள், 'கடைசியாக அவரைப் பார்த்தவர்' என்று. நான் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன்.

கம்பெனிப் பெண் 'அந்த வீரரின் வில்லை உங்களிடம் இருக்கிறதா' என்று கேட்டபோது பையில் இருந்தது என் 214 ஒன்றுதான். எடுத்து நீட்டிவிட்டேன், அவள் எண்ணைக் குறித்துக்கொண்டு திருப்பித் தந்தாள். அதை இந்த உறையில் வைத்திருக்கிறேன். விழாவுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் 187-ஐயும் எடுத்து வா. பழைய பலகையைத் துடைத்து அதே சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பாட்டிலைத் திறக்குமுன் உன் அப்பாவின் எண்ணை அங்கே மாட்டு. ஏன் என்று கேட்பார்கள், சொல்லு. நான் முன்வரிசையில்தான் இருப்பேன். இந்த முறை யாராவது கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்.

கணவாய்ப் பாதையில் இன்னும் பனி உறைந்து கிடக்கிறது. டயருக்குச் சங்கிலி போடாமல் கிளம்பாதே. இருட்டுவதற்குள் மலையிறங்கிவிடு. கர்த்தர் உன்னை வெளிச்சத்திலேயே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஹாலின் தம்பி,
கிளெம்