கலண்டர் தாளும் சோத்துப் பெட்டியும்

லாசால், மொன்றியல்
13.03.2005, ஞாயிறு

அன்பு மகள் ஜென்சிக்கு,

மடு மாதாவின்ர கிருபையால நானும் அம்மாவும் இருமல் தடிமன் இல்லாம இருக்கிறம், எட்மன்டன் குளிரில நீயும் அப்பிடியே இருக்கோணும். ரெலிபோன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுறார் எண்டு யோசிப்பாய். வாயால சொன்னா அழுதிடுவன், அதுதான். எழுத்துக்கூட்டி மெல்ல வாசி. வேலை போகேல்ல, முதல்ல அதைச் சொல்லிப்போட்டன்.

பாண் சுடுற பக்டரிச் சுப்பவைசர் செப்டம்பரில இருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, நாயைக் கூப்பிடுற மாதிரி விசில் அடிப்பான், என்ர பிரெஞ்சைப் பழிச்சுக் காட்டுவான், அதெல்லாம் உனக்குத் தெரியும். டிசம்பர் மூண்டாந் திகதி, சவேரியார் திருநாள், மீன்கறி நாறுது எண்டு என்ர சோத்துப் பெட்டியைத் தூக்கிக் குப்பைக்குள்ள எறிஞ்சான். கையை ஓங்கிப்போட்டன். ஒன்பதாம் வகுப்பில மாஸ்டரோட கொளுவிப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், இஞ்ச வந்தும் ஆறு வேலையைக் கோவத்தில விட்டவன், ஏழாவதும் அண்டைக்குப் போயிருக்கும். நீ சொன்னதுதான் கையைப் பிடிச்சுது. அடிச்சா கேஸ் உங்கட தலையிலதான் விழும் அப்பா, திகதி போட்டு எழுதி வையுங்கோ, யூனில இருந்து கியூபெக்கில புதுச்சட்டம், வேலையிடத்தில மனுசரை இப்பிடி நோகடிக்கேலாது எண்டு சொன்னனி.

எழுத்தெண்டா எனக்குக் கை கூசும், கொப்பியும் வாங்கேல்ல. குசினிச் சுவரில தொங்கிற பங்குக் கோயில் கலண்டரில, அண்டண்டைத் தாளில, வேலையால வந்த உடன ரெண்டு வரி கிறுக்கினன். அது நாளுக்கு நாள் கிழிக்கிற கலண்டர் எண்டது இந்த மண்டையில ஏறேல்ல. நத்தாருக்கு நீ ரெலிபோன் எடுத்து, கடைசியா நடந்ததில இருந்து தொண்ணூறு நாளுக்குள்ள முறைப்பாடு குடுக்கோணும் எண்டாய், திரும்பிச் சுவரைப் பாத்தா டிசம்பர் இருபத்தஞ்சு தொங்குது, முன்னால ஒண்டும் இல்லை. கொம்மா காலமைச் செபம் முடிய ஒவ்வொண்டாக் கிழிச்சிருக்கிறா. நான் கத்தினது உனக்கும் கேட்டிருக்கும். அவ ஆறுதலா, அர்ச்சியசிட்டவை, புனிதர்மாரின்ர பேர் போட்ட தாளை ஆரும் குப்பையில போடுவினமே, விசர்க் கதை கதையாதையுங்கோ எண்டு பிஸ்கற் ரின்னைத் திறந்தா. எல்லாம் கிடந்தது. பின்பக்கமெல்லாம் ஜான்-டலோன் சந்தைச் சாமான் லிஸ்ட்.

முறைப்பாடு குடுத்த பிறகு பக்டரியில ஒருத்தனும் முகம் தரேல்ல, இந்த வேலையும் போச்சு எண்டுதான் நினைச்சன். போன மாசம் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டவை. அரசாங்கத்துப் பக்கத்தால ஒரு மனுசி, கொம்பனிப் பெரியவர், அந்தச் சுப்பவைசர், நான், மொழிபெயர்க்க உனக்குப் பங்கில தமிழ் படிப்பிச்ச எலிசா ரீச்சர். அவன் சோத்துப் பெட்டியைத் தொடவே இல்லை எண்டு சாதிச்சான். மனுசி டிசம்பர் மூண்டாந் திகதித் தாளைத் திருப்பி, பின்னால என்ன எண்டு கேட்டா. எனக்கு வெக்கமாப் போச்சு. ரீச்சர் வாசிச்சா: கத்தரிக்காய், பச்சைமிளகாய், இவருக்குப் புதுச் சோத்துப் பெட்டி ஒண்டு. அவன் மேசையைப் பாத்துக்கொண்டு இருந்தான், பெரியவர் சமரசத்துக்குக் கையெழுத்து வைக்கப் பேனையைத் திறந்தார்.

கையை இறக்கினது நீ, தாளைச் சேத்தது கொம்மா, நான் கிறுக்கினது மட்டும்தான். மகளே, உனக்கு நான் எப்பிடி நன்றி சொல்றது எண்டு தெரியேல்ல, தகப்பன் மகளுக்குச் சொல்ற வழக்கமும் எங்களிட்ட இல்லை, எண்டாலும் சொல்றன். உங்கட பக்கம் இந்தச் சட்டம் இன்னும் வரேல்லையாம், நீ வேலை செய்யிற கடையில ஆரும் உன்னோட தனகினா நீயும் திகதி போட்டு எழுதி வை. நேரத்துக்குச் சாப்பிடு, தொப்பி போடாமல் வெளியில போகாதை, பாஸ்காவுக்குப் பூசை தவறவிடாதை. மாதா உன்னைத் தன்ர முந்தானைக்குள்ள வைச்சுக் காக்கட்டும்.

இதுக்குள்ள போன திங்கட்கிழமைத் தாள் கிடக்கு, துலைச்சுப்போடாதை. அண்டைக்கு அவன் எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேட்டு, போன்ஜூர் மிஸ்யூ அருமைராசா எண்டான், நாக்குத் தடக்கினது, எண்டாலும் முழுப்பேர். வீட்டை வந்து பழக்கதோசத்தில பேனையை எடுத்தன். எழுத ஒண்டும் இல்லை. அப்பிடியே வெறுமையாத்தான் அனுப்புறன், பின்பக்கத்தில கொம்மா உனக்கு ஏதோ எழுதியிருக்கிறா.

உன்ர அப்பா,
அருமைராசா