மண்வெட்டிக் காம்பில் ஒரு கோடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், பூனையும் நலம், அது இப்போதெல்லாம் என் தையல் மிஷின் மேல்தான் தூங்குகிறது. நீ நலமா என்று கேட்டால் போனில் "நல்லாருக்கேம்மா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்கிறாய். அப்பா பேச்சை எடுத்தால் சிக்னல் சரியில்லை என்கிறாய். பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடிக்கிறவளுக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்ல வரவில்லையே கண்ணு. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேசவும் முடியாது, பாதியில் வைக்கவும் முடியாது. தோள் வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கச் சக்கர நாற்காலியைக் கையாலேயே தள்ளுகிறாய், வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஒத்தடம் கொடு, சோம்பல் படாதே. கையுறை இல்லாமல் வெளியே போகாதே. போன தடவை வந்தபோது உன் உள்ளங்கையைப் பார்த்தேன், மண்வெட்டி பிடிக்கிற உன் அப்பா கை மாதிரியே காய்த்துப் போயிருந்தது. எனக்கு அன்றைக்கெல்லாம் மனசே சரியில்லை.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. மலைக்குப் போகிறவர்கள் பை வார் அறுந்துவிட்டது, ஜிப் போய்விட்டது என்று வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் பை தைக்க வருகிறார்களா சண்டை போட வருகிறார்களா என்றே தெரியவில்லை. எல்லாம் அந்தப் பாதை விவகாரம்தான், நீயும் செய்தியில் படித்தாயே. நம் வீட்டுக்குப் பின்னால் தொடங்கி ஏரிவரைக்கும் போகிற அந்தக் கரடுமுரடான காட்டுப் பாதையை ஜீப் போகிற ரோடாகப் போடலாமா, இருக்கிறபடியே விட்டுவிடலாமா என்று வன அலுவலகம் மக்களிடம் கருத்துக் கேட்டது. அரசாங்கக் காடு, எல்லோருக்கும் பொது, அதனால் ஆளுக்கொரு கருத்து. ரோடு வந்தால் முடியாதவர்களும் ஏரியைப் பார்க்கலாம், காட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் வண்டி போகலாம் என்று ஒரு கட்சி. ரோடு வந்தால் ஹாரனும் புழுதியும் குப்பையும் கூடவே வரும், அப்புறம் அது காடா சந்தையா என்று இன்னொரு கட்சி. முதல் கட்சியில் உன் சித்தப்பா, சொந்தமாக ஜீப் ஓட்டுகிறவர் வேறெங்கே இருப்பார். இரண்டாவது கட்சிக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தலைவர், உன் அப்பா அவருக்கு வலது கை. அண்ணனும் தம்பியும் நம் சாப்பாட்டு மேஜையிலேயே மோதிக்கொண்டார்கள். சித்தப்பா கோபத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசல்வரை போனார், பிறகு பசி தாங்காமல் திரும்பி வந்து அதே தட்டின் முன் உட்கார்ந்தார். "அண்ணி எந்தக் கட்சி" என்று என்னைக் கேட்டார். பரிமாறுகிற கட்சி என்றேன். ஆனால் உன்னிடம் மறைப்பானேன், நான் ரோட்டுக் கட்சிதான். ஏன் என்று உனக்குத் தெரியும்.

விபத்துக்கு முன்னால் அந்தப் பாதையில் அப்பாவை முந்திக்கொண்டு ஓடினவள் நீ. இப்போது வீட்டுக்கு வந்தால் பின் ஜன்னல் பக்கமே நாற்காலியைத் திருப்புவதில்லை. அவரும் நீ இருக்கும் நாட்களில் மலை என்ற வார்த்தையை வாயில் எடுக்கமாட்டார். ரோடு கூடாது என்று அப்பா ஊர் ஊராகப் பேசுகிறார் என்பதைப் படித்துவிட்டு நீ போனில் அழுதாயே, "ரோடு போட்டா நானும் போகலாம்னு அப்பாவுக்குத் தோணவே இல்லையாம்மா, நடக்கிறவங்களுக்கு மட்டும்தான் அந்தக் காடா" என்று கேட்டாய். அன்று சாயங்காலமே அவரிடம் அப்படியே சொன்னேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு கொல்லைப் பக்கம் போய் மண்வெட்டியை அரம் போட்டுத் தீட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மண்வெட்டியை வாங்கி அடுப்பில் வைத்துவிடலாமா என்றிருந்தது. குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு அந்தப் பாதைதான் அலுவலகம். மழை அரித்த இடத்தில் கல் போடுவது, தண்ணீர் வடிய வாய்க்கால் கீறுவது, விடுமுறை நாள்கூடப் பார்க்காமல், தனியாக. மண்வெட்டிக் காம்பில் நடுவே கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு இருந்தது, இது என்ன என்று ஒரு தடவை கேட்டேன். எலி கடித்திருக்கும் என்றார். எலி என்ன ஸ்கேல் வைத்துக் கடித்ததா என்று கேட்டுவிட்டு நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் நூலகத்து மாடியில் கூட்டம். உட்கார இடமில்லை, ஜன்னல் மேடையில்கூட ஆட்கள். நான் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பின் வரிசையில் நின்றேன், அப்பா முன் வரிசையில் தலைமையாசிரியர் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு. முதலில் தலைமையாசிரியர் எழுந்து, அந்தப் பாதையில் ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்கக் கூடாது, இயற்கை எப்படி வைத்திருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும் என்று நன்றாகத்தான் பேசினார், கைதட்டினார்கள். அடுத்து வன அலுவலகத்து மேடம் எழுந்தார். பாதையை அளந்து பார்த்தோம், அடிவாரத்திலிருந்து பாதி வழியில் இருக்கிற காவல் குடிசைவரைக்கும் அது இப்போது ஒற்றையடிப் பாதையே இல்லை, கடைசிவரை ஒரே அகலத்தில் இருக்கிறது, ஏற்றமான இடங்களில் படிக் கற்களை எடுத்துவிட்டு வளைத்து வளைத்துச் சரிவாக்கியிருக்கிறார்கள், ஓடையில் தாண்டிப் போகும் கற்களுக்குப் பதில் பலகை போட்டிருக்கிறது, அனுமதியில்லாமல் இதைச் செய்தது யார் என்று கேட்டார். சித்தப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காட்டுல மண்வெட்டியோட சுத்துறது எங்கண்ணன் ஒருத்தர்தான் மேடம், ரோட்டு வேலையில பாதி அவரே முடிச்சிட்டாரு" என்று உரக்கச் சொல்லிவிட்டார். ஊரே சிரித்தது. தலைமையாசிரியர் முகம் செத்துப் போயிற்று. "ஒரு கல்லையும் அசைக்கக் கூடாதுன்னு இப்பத்தானே பேசினேன், என் பக்கத்துல உக்காந்துகிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

மேடம் மறுபடியும் கேட்டார். ஜீப்புக்கு இந்த அகலம் போதாது, நடக்கிற ஆளுக்கு இவ்வளவு தேவையில்லை, எந்தக் கணக்கில் வெட்டினீர்கள் என்று. அப்பா எழுந்தார். சட்டை நுனியை ஒரு குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தக் கோடு ஞாபகம் வந்தது கண்ணு. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது குளியலறைக் கதவை இடித்து அகலப்படுத்தினோமே, அப்போதும் அதே காம்பைத்தான் குறுக்கே வைத்துப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார். "எம்பொண்ணோட நாற்காலி அவ்வளவு அகலம்தான் மேடம்." சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். "ஜீப்பு வந்தா அவளுக்கு ஒதுங்க இடம் இருக்காது. ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போறதுன்னா மூட்டை மாதிரி தூக்கி வைக்கணும், தூக்கி எறக்கணும், அது அவளுக்குப் பிடிக்காது. அவ தானே தன் கையால உருட்டிக்கிட்டு வரணும், அதுக்குத்தான் ரோடு வேணாம்னேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வரும் வழியில், என்னிடம்கூடச் சொல்லத் தோன்றவில்லையா என்று சண்டை பிடித்தேன். பாதை ஏரிவரைக்கும் போய்ச் சேருமோ சேராதோ, முன்னாலேயே சொல்லி உனக்கு ஆசை காட்டி, அப்புறம் முடியாமல் போனால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்றார். நான் தெருவிலேயே அழுதுவிட்டேன்.

இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. அரசாங்க நிலத்தில் கேட்காமல் தோண்டியதற்கு மேடம் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு நன்றாகத் திட்டினார், திட்டி முடித்துவிட்டு டீ கொடுத்தாராம். ரோடு பேச்சை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். குடிசைக்கு மேலே ஏரிவரை அதே அகலத்தில் பாதை போடலாமா என்று மேலிடத்தில் கேட்டு எழுதியிருக்கிறார்கள், அங்கேதான் பெரிய பாறைகள், அப்பாவால் தனியாக ஆகிற வேலையில்லை. சித்தப்பா இன்னமும் ரோடுதான் சரி என்கிறார், ஆனால் ஓடைக்குப் புதுப் பலகையை அவர் ஜீப்பில்தான் அடிவாரத்தில் கொண்டுவந்து போட்டார். தலைமையாசிரியர் சில நாள் முகம் கொடுக்கவில்லை. நேற்று கடைக்கு வந்து பை வார் தைக்க வேண்டும் என்றார். வார் நன்றாகத்தான் இருந்தது, நானும் ஒன்றும் சொல்லாமல் ஒரு தையல் போட்டுக் கொடுத்தேன். போகும்போது "பொண்ணு எப்ப வருது" என்று கேட்டார்.

இதில் ஒரு கூத்து என்ன தெரியுமா. நீ அனுப்பிய புதுப் படத்தை நேற்று அப்பாவிடம் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று கண்ணாடியைத் தேடினார். நீ வாங்கியிருக்கிற புது நாற்காலியில் சக்கரம் இரண்டு பக்கமும் சாய்ந்து கீழே அகலமாக இருக்கிறதாமே. அவர் அத்தனையும் வெட்டியது பின்னறையில் நீ விட்டுப்போன பழைய நாற்காலியை வைத்து. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற இடமெல்லாம் சமாளித்துவிடலாம், ஓடைப் பலகையில் சக்கரம் நிற்குமா என்று தெரியவில்லை என்று ராத்திரிச் சாப்பாட்டில்கூட அதே புலம்பல். போன் செய்து கேளுங்களேன் என்றேன். கோபமாக இருக்கிறாள், இப்போது போய் நாற்காலியைப் பற்றி எப்படிக் கேட்பது என்கிறார். பழைய மண்வெட்டிக் காம்பைக் கழற்றிவிட்டுப் புதுக் காம்பு போட்டு வாசலில் சாய்த்து வைத்திருக்கிறார். அதில் இன்னும் கோடு இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் தோளில் வலு குறையாமலும் மனசில் பாரம் ஏறாமலும் நீ நன்றாக இருக்க வேண்டும் தங்கம், வேறென்ன கேட்கப் போகிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. கீழே சக்கரத்துக்குச் சக்கரம் எவ்வளவு அகலம் என்று அளந்து பார். எனக்கு எழுதாதே, அப்பாவுக்குப் போன் செய்து நீயே சொல்.

என்றும் உன் நினைவாக,
அம்மா