பேஜார்

புதன், இரவு

இன்று கல்லூரிச் சிறுகதைப் பட்டறையில் என் கதையை வாசித்தேன். மகளைக் கட்டிக்கொடுத்த ஓர் அம்மா போனில் அவளிடம் சொல்கிறாள்: "நீ இல்லாம ரொம்ப பேஜாரா இருக்குடீ." அந்த ஒரு வரிக்காகத்தான் கதையே எழுதினேன். வகுப்பு முழுக்கச் சிரித்துவிட்டது.

"அம்மா என்னப்பா, ரவுடியா?" என்றாள் சென்னையிலிருந்து வந்து படிக்கும் கீர்த்தனா. அவள் ஊரில் பேஜார் என்றால் தொல்லையாம். பெங்களூரில், எங்கள் லிங்கராஜபுரத்தில் மனசு கனத்துப்போனால்தான் பேஜார். அது கன்னடத்திலிருந்து வந்த சொல் என்கிறார்கள். எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

மேடம் அன்பாகத்தான் சொன்னார். "'வருத்தமா இருக்கு'ன்னு மாத்திடும்மா. எல்லாருக்கும் புரியும்." அங்கேயே அடித்து மாற்றி, மறுபடி வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவும் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் கீர்த்தனா "சாரிப்பா" என்று பாதிக் கடலைமிட்டாயை உடைத்துக் கொடுத்தாள். அவள்மேல் கோபமில்லை. உடனே தலையாட்டிய என்மேல்தான்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. என்னாச்சு, என்னாச்சு என்று அம்மா விடாமல் கேட்டாள். கதையைக் கேட்டுச் சிரித்தார்கள் என்றேன். எந்த வார்த்தைக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"சிரிச்சா சிரிக்கட்டும். நீ பேஜார் பண்ணிக்காதே."

வருத்தப்படாதே என்று சொல்லியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.