ஒருவரும் என் மேல் விழாத பஸ்

ஜூன் 9, திங்கள்

இன்றும் ஒருவர்கூட என் மேல் விழவில்லை.

பெரம்பலூர்–அரியலூர் தடத்தில் இருபத்தேழு வருடம் கண்டக்டராகக் கோலோச்சும் என் வாழ்வில் இது பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய வாரம். போன மாதம் வரை வண்டி ஓட்டிய கொளஞ்சியப்பன் பிரேக் போட்டால், கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தவர் நடக்காமலேயே முன் கதவில் இறங்குவார். ஒருமுறை குன்னத்தில் அவன் மிதித்த மிதியில் டிக்கெட் என் கையிலும், நான் முன் கண்ணாடியிலும் இருந்தோம். எத்தனை வெங்காய மூட்டை, எத்தனை சம்பந்தி வீட்டார் என் மேல் விழுந்திருப்பார்கள்! சுமைதாங்கிக் கல்லுக்குக்கூட என் அளவு அனுபவம் கிடையாது.

இப்போது ஓட்டுவது சத்யா. என் தங்கை சிந்தாமணியின் மகள். ஹெவி லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம், பதினொரு பஸ் முதலாளிகள் "பொம்பளப் புள்ளையாச்சே" என்று இழுத்து அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆளான அமிர்தலிங்கம் மட்டும் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும் என்றிருக்கிறார். முப்பதாம் தேதி முடிவு சொல்வாராம்.

ஜூன் 11, புதன்

விஞ்ஞானப் பரிசோதனை. டம்ளர் நிறைய டீ வாங்கி டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடியான பானெட் மேல் வைத்தேன். அரியலூர் வரை இருபத்து நான்கு நிறுத்தம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

சரி, நாட்குறிப்பில் பொய் கூடாது. முக்கால் டம்ளர்தான். இரண்டு சொட்டு சிந்தியது.

என்ன மந்திரம் என்று கேட்டேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள் அல்லவா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"ஓடுற வண்டி நிக்கணும்னா அதோட உந்தம் மொத்தமும் போயாகணும் மாமா. அதுல பேரம் கெடையாது. நாலு செகண்டுல பிடுங்குனா அத்தன பலமா பிடுங்கணும். பன்னெண்டு செகண்டு குடுத்தா மூணுல ஒரு பங்கு பலம் போதும். உள்ள நிக்கிற ஆளுக்கும் அதே கணக்குதான்."

இதற்குக் கணத்தாக்கு என்று புத்தகத்தில் பெயராம். இருபத்தேழு வருடம் உடம்பால் படித்த பாடத்துக்கு இன்றுதான் பெயர் தெரிந்தது. கொளஞ்சியப்பன் பிடுங்கினான்; இவள் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். நிறுத்தத்துக்கு வெகு முன்பே ஆக்சிலேட்டரில் இருந்து கால் வந்துவிடுகிறது. அப்புறம் பிரேக்கை மிதிக்கிறாளா, நலம் விசாரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

ஜூன் 14, சனி

ஓனர் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். தினமும் நான்கு நிமிடம் லேட். பின்னால் வரும் வண்டி நம் ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறது என்றார். சத்யாவிடம் பேசவில்லை, என்னிடம்தான்.

"ஏம்ப்பா இளவரசா, பல்லக்கா ஓட்டுது உன் மருமவ? டயத்துக்குப் போவலன்னா முப்பதாந்தேதியோட சரி."

கணக்குப் போட்டேன். மெதுவாக நிறுத்துவது, மெதுவாக எடுப்பது, எல்லாம் சேர்த்து நிறுத்தத்துக்குப் பத்து செகண்டு. இருபத்து நான்கு நிறுத்தத்துக்குச் சரியாக நான்கு நிமிடம். ஓனர் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை.

சத்யா இன்று கொளஞ்சியப்பன் மாதிரி அடித்து நிறுத்தினாள். டயத்துக்குப் போனோம். பேரளியில் ஏறும் முத்தாயி அம்மா — போன வருடம் இடுப்பெலும்பு முறிந்தவர், செவ்வாயும் வியாழனும் அரியலூர் ஆஸ்பத்திரிக்கு நடைப் பயிற்சிக்குப் போகிறவர் — முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். திட்டவில்லை. இறங்கும்போது டிரைவர் சீட்டைப் பார்த்து, "நீயுமா பாப்பா?" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் புள்ள ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்துச்சு. சாப்பிடக்கூட இறங்கல. வேலை போனாலும் பரவாயில்லன்னு சொல்ல நாக்கு வரல.

ஜூன் 18, புதன்

இன்றும் அடித்துத்தான் நிறுத்தினாள். ஓனருக்கு மகிழ்ச்சி. எனக்கு இடுப்பு வலி.

ஜூன் 20, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! நியாயமாகப் பார்த்தால் அரசாங்கம் எனக்கொரு மண்டபம் கட்ட வேண்டும்.

மூன்று நாளாக ஒரு வேடிக்கை. அடித்து நிறுத்தும்போது, வண்டி முழுக்க நிற்கும்வரை ஒரு ஜீவன் சீட்டை விட்டு எழுவதில்லை. விழுந்துவிடும் பயம். நின்ற பிறகுதான் எழுந்து, பையை எடுத்து, புடவையைச் சரி செய்து, குழந்தையைத் தேடி, படி இறங்குகிறார்கள். கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: நிறுத்தத்துக்கு நாற்பது செகண்டு. சத்யாவின் பழைய ஓட்டத்தில் தைரியசாலிகள் சிலர் வண்டி உருளும்போதே கதவருகே வந்துவிட்டார்கள். எல்லாரும் அப்படி வந்தால் பதினைந்து செகண்டாவது மிஞ்சும். அவள் செலவழிப்பது பத்துதான்.

சத்யாவிடம் சொன்னேன். "இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல மாமா," என்றாள். "பழைய மாதிரியே ஓட்டு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்று ராஜகம்பீரமாக அறிவித்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

நிறுத்தத்துக்கு முன்பே கூவுகிறேன்: "எழுந்து வாங்க, இந்த வண்டியில விழ மாட்டீங்க." வருகிறார்கள். இரண்டு நிமிடம் முன்னதாக அரியலூர்.

ஜூன் 26, வியாழன்

என் வாய்தான் எனக்கு எமன்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் நெருங்குகிறது. நான் கூவினேன். முத்தாயி அம்மா எழுந்து முன் கதவுக்கு வந்தார். நம்பிக்கையோடு — கம்பியை விட்டுவிட்டு. அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. சத்யாவிடம் பன்னிரண்டு செகண்டு இல்லை. ஒன்றுகூட இல்லை. மிதித்தாள்.

அம்மா நேராக வந்து என் வயிற்றில் மோதினார். நான் பின்னால் சாய்ந்து, சரிந்து, பானெட்டில் முட்டி உட்கார்ந்தேன். அவருக்குக் கீறல்கூட இல்லை. எனக்கு முழங்கை வீங்கிவிட்டது. ஆட்டுக்குட்டி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சத்யா சீட்டிலிருந்து குதித்து ஓடி வந்தாள். அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு வந்து என் முழங்கைக்கு ஐஸ் வைத்தாள். பிறகு சொன்னாள்: "அவங்க உந்தம் பூராவும் உங்க தொப்பையில மெதுவா எறங்கிடுச்சு மாமா. அது மட்டும் கம்பியா இருந்திருந்தா..."

என் மனைவி முப்பது வருடமாகக் குறை சொல்லும் தொப்பை. கணத்தாக்கின் காவல் தெய்வம். சிரிக்க முயன்றேன், முழங்கை விடவில்லை. கம்பியைப் பிடிக்கச் சொல்லாதது என் தப்பு. நாளை முதல் கூவல் மாறும்: "எழுந்து வாங்க, கம்பிய விடாதீங்க."

ஜூன் 27, வெள்ளி

யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓனர் போனில்: "ஆள் விழுந்துச்சாமே?" நான் கூவி எழுப்பியதால் விழுந்தார், டிரைவர் மேல் தப்பில்லை என்று மிகை எதுவும் சேர்க்காமல் சொன்னேன். என்னாலும் முடிகிறது. திங்கள்கிழமை தானே வண்டியில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

ஜூன் 30, திங்கள்

ஓனர் பெரம்பலூரில் ஏறி முதல் சீட்டில் உட்கார்ந்தார். கையில் கடிகாரம், முகத்தில் கோர்ட்டு. கவுல்பாளையம் வரை ஒவ்வொரு நிறுத்தத்தையும் குறித்தார். பேரளி வரை முறைத்தார். அப்புறம் டிக்கெட் கொடுப்பதில் நான் அவரைக் கவனிக்கவில்லை. சத்யா ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கழுத்தில் வியர்வை மட்டும் தெரிந்தது.

அரியலூர் ஸ்டாண்டு, டயத்துக்கு முன்பே. ஒவ்வொருவராகக் கம்பியைப் பிடித்து வந்து இறங்கினார்கள். எஞ்சின் அணைந்தது. ஓனர் மட்டும் இறங்கவில்லை. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. தோளைத் தொட்டு எழுப்பினேன்.

கண்ணைக் கசக்கி வெளியே பார்த்தார்.

"எப்பப்பா நின்னுச்சு?"

சத்யா அப்போதுதான் திரும்பினாள். ஓனர் கடிகாரத்தைப் பார்த்தார், பெயர்ப் பலகையைப் பார்த்தார், படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, நாளைக்குக் காலை ஐந்தரை மணி வண்டியையும் பாப்பாவே எடுக்கட்டும் என்றார்.

இந்தப் பக்கத்தில் ஒரு எழுத்துகூட மிகை இல்லை.